பல நாட்டு ஊழியர் திருப்தியை ஒப்பிட எந்தத் தரவை எடுப்பது?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களின் திருப்தி 1980களுக்குப் பிறகு கூடியதா, குறைந்ததா? கான்ஃபரன்ஸ் போர்டு என்ற அமைப்பின் சர்வேயைப் பார்த்தால், 1987-ல் 61.1 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். 2010-ல் அது 42.6-க்கு இறங்கியது. 2022-ல் ஏறி 62.3-ஐத் தொட்டது. நடுவில் பெரிய பள்ளம். அதே அமெரிக்காவில் 1972 முதல் நடந்துவரும் ஜெனரல் சோஷியல் சர்வேயைப் பார்த்தால் அந்தப் பள்ளத்தையே காணோம். ‘மிகவும் திருப்தி’, ‘ஓரளவு திருப்தி’ என்றவர்களைக் கூட்டினால் 85 சதவீதத்தை ஒட்டியே கோடு போகிறது.

ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், ஜப்பானையும் இந்தியாவையும் டென்மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க நினைப்பவர் பாடு என்ன ஆகும்? எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறார்கள், பிஎச்.டி. தொடங்குகிறவர்கள் கேட்கிறார்கள், நாலு நாட்டில் கிளை வைத்திருக்கும் கம்பெனியின் எச்.ஆர். ஆட்கள் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: “எந்த டேட்டாவை எடுக்கட்டும்?” கையில் இருக்கும் வழிகள் ஐந்து. இலவசம் என்று தோன்றுவதற்கும் செலவு உண்டு, அதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒரே கேள்வி, ஒரே முறை. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எத்தனை நாடுகள் என்பதெல்லாம் அப்புறம். பிரிட்டனில் 1991-ல் தொடங்கிய குடும்பங்களின் தொடர் சர்வேயில் நடந்ததைப் பாருங்கள். முதல் ஆண்டு, வேலைத் திருப்திக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்டார்கள். 1, 4, 7 ஆகிய மூன்று எண்களுக்கு மட்டும் பக்கத்தில் விளக்கம் இருந்தது. ஏராளமானோர் 7-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1992-ல் ஏழு எண்களுக்கும் விளக்கம் எழுதிவிட்டார்கள். 7 என்றால் ‘முழுத் திருப்தி’, 6 என்றால் ‘பெரும்பாலும் திருப்தி’. உடனே 7 போட்டவர்கள் எண்ணிக்கை சரிந்து கூட்டம் 6-க்கு நகர்ந்தது. அந்த ஒரு வருடத்தில் பிரிட்டன்காரர்களின் வேலை ஒன்றும் மோசமாகிவிடவில்லை, படிவம்தான் மாறியது. இது தெரியாமல் வரைபடம் போடுகிறவர், 1992-ல் பிரிட்டனில் என்ன நெருக்கடி என்று காரணம் தேடிக்கொண்டிருப்பார். காரணமும் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து.

அளப்பது எதை? திருப்தி வேறு, ஈடுபாடு வேறு, பணிச்சூழல் வேறு. கான்ஃபரன்ஸ் போர்டு கணக்கில் அமெரிக்கத் திருப்தி 62.3-ஐத் தொட்ட 2022-ல், கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் கணக்கில் அமெரிக்க ஊழியர்களின் ஈடுபாடு 32 சதவீதம். 2020-ல் அது 36 ஆக இருந்தது. இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை. சம்பளம் ஏறி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தால் திருப்தி ஏறும். அதே ஆளுக்கு ‘என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்’ என்பதே புரியாமல் போனால் ஈடுபாடு இறங்கும்.

யாரைக் கேட்டார்கள்? ‘ஊழியர்’ என்றால் எல்லா ஊரிலும் ஒரே கூட்டம் இல்லை. இந்தியாவின் தொழிலாளர் சர்வேயான பி.எல்.எஃப்.எஸ்.-ன் 2023-24 கணக்குப்படி, வேலையில் இருப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்கிறவர்கள். மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம்தான். மீதி தினக்கூலி. ஜெர்மனியில் ஊழியர்கள் என்றால் வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி. இங்கே அது ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் பெரும்பாலும் கொஞ்சம் வாய்ப்பு கிடைத்த பங்கு. இந்தியச் சம்பளக்காரர் ‘திருப்தி’ என்று சொல்லும்போது, வெளியே நிற்கும் மற்ற நால்வரையும் நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்.

நாடு, காலம், செலவு. உங்களுக்கு வேண்டிய நாடு அதில் இருக்கிறதா, குறைந்தது மூன்று சுற்றாவது இருக்கிறதா, அதைக் கையாள உங்களுக்கு நேரமும் மென்பொருளும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டுப் ‘போக்கு’ என்று பெயர் வைப்பது நம் ஊர் ப்ராஜெக்ட்களில் சர்வசாதாரணம்.

## 1. ஐ.எஸ்.எஸ்.பி.: ஆராய்ச்சிக்காரர்களின் பொதுச் சொத்து

இன்டர்நேஷனல் சோஷியல் சர்வே ப்ரோக்ராம் 1984-ல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு தலைப்பு. வேலை பற்றிய சுற்று 1989, 1997, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தது. ‘உங்கள் முக்கிய வேலையில் எவ்வளவு திருப்தி?’ என்ற கேள்விக்கு ‘முழுத் திருப்தி’ தொடங்கி ‘முழு அதிருப்தி’ வரை ஏழு படிகள். சம்பளம், வேலை நிலைக்குமா, வேலை சுவாரஸ்யமா, மேலிடத்தோடு உறவு எப்படி என்பதையும் கூடவே கேட்கிறார்கள். அதனால் திருப்தி ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்றும் தேட முடியும். மூலத் தரவு ஜெர்மனியின் கெசிஸ் நிறுவனத்திடம் இலவசமாகக் கிடைக்கிறது.

1997 தரவை வைத்துச் செய்த நாடுகளின் ஒப்பீட்டில் டென்மார்க் முதலிடத்தில் வந்தது. ‘டேனிஷ் ஊழியர்களே மகிழ்ச்சியானவர்கள்’ என்று இன்றும் பலர் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது இடைவெளி. எட்டு, பத்து ஆண்டுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். 2008 நிதி நெருக்கடி 2005-க்கும் 2015-க்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது. இரண்டாவது, நாடுகளின் பட்டியல் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. 1989-ல் பத்துப் பன்னிரண்டு நாடுகள் என்றால் 2015-ல் 37. அமெரிக்கா, பிரிட்டன், நார்வே, ஜெர்மனியின் மேற்குப் பகுதி போன்றவை நான்கு சுற்றிலும் உண்டு. ஜப்பான் 1997 முதல் வருகிறது. இந்தியா 2015-ல்தான் வருகிறது. ஆகவே இந்தியாவுக்கு இதில் ஒரு புள்ளி உண்டு, போக்கு கிடையாது. மொத்தப் பட்டியலின் சராசரியைச் சுற்றுவாரியாக எடுத்து ‘உலகத் திருப்தி மாறிவிட்டது’ என்று எழுதினால், மாறியது பட்டியலாகவே இருக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரு நாட்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பேரைக் கேட்கிறார்கள். அதில் ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் உண்டு. அவர்களைக் கழித்து வேலையில் இருப்பவர்கள் 600 பேர் என்று வைத்துக்கொண்டால், எந்தச் சதவீதத்துக்கும் இருபுறமும் 4 புள்ளி பிழை இருக்கலாம். மூன்று புள்ளி ஏற்றத்தைத் தலைப்பாக்காதீர்கள்.

எப்போது இது சரி: ஆய்வேடு எழுதும்போது, காரணங்களைத் தேடும்போது, எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா அல்லது ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள் கையாளத் தெரிந்திருக்கும்போது.

## 2. காலப்: எல்லா ஸ்லைடிலும் வரும் எண்

நாளிதழ்ச் செய்தியிலும் கம்பெனி ஸ்லைடிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் காலப் நிறுவனத்தின் உலகப் பணியிட அறிக்கை. ஆண்டுதோறும் வருகிறது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், இந்தியாவும் இலங்கையும் உண்டு. உலக அளவில் ஈடுபாடு உள்ள ஊழியர்கள் 2012-ல் 13 சதவீதம், 2023-ல் 23, 2024-ல் 21.

இது அளப்பது ஈடுபாட்டை. கியூ12 என்ற பன்னிரண்டு கேள்விகளில் கிடைக்கும் பதில்களை ஒரு சூத்திரத்தில் போட்டு ‘ஈடுபாடு உள்ளவர்’, ‘இல்லாதவர்’, ‘முனைப்போடு விலகி நிற்பவர்’ என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். அந்தச் சூத்திரம் நிறுவனத்தின் சொத்து, வெளியே தர மாட்டார்கள். பன்னிரண்டில் ஒன்று ‘வேலையிடத்தில் எனக்கு நெருங்கிய நண்பர் இருக்கிறார்’ என்பது. வேலையையும் நட்பையும் தனித்தனியாக வைத்திருக்கும் ஊர்களில் இதற்கு ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ என்று டிக் அடிக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஜப்பான் ஆண்டுக்கணக்காக 5, 6 சதவீதத்திலேயே நிற்பதற்கு அங்குள்ள பணிச்சூழலும் காரணம்தான். ஆனால் எதற்குமே உச்சமான பதிலைத் தவிர்க்கும் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

தெற்காசியாவின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். 2024-ல் வந்த அறிக்கைப்படி தெற்காசியாவில் 26 சதவீதம் பேருக்கு ஈடுபாடு உண்டு. ஐரோப்பாவில் 13 தான். அப்படியென்றால் நாம் இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறோமா? அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தில், தங்கள் வாழ்க்கை செழிப்பாக இருக்கிறது என்று மதிப்பிட்ட இந்திய ஊழியர்கள் 14 சதவீதம். உலக சராசரி 34. ஐரோப்பாவில் ஏறக்குறைய பாதிப் பேர். முதல் எண்ணை மட்டும் ஸ்லைடில் போட்டால் ஒரு கதை, இரண்டாவதை மட்டும் போட்டால் நேர் எதிரான கதை. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் குறைவு.

மறைமுகச் செலவு என்ன? அறிக்கை இலவசம், மூலத் தரவு இலவசமில்லை. ஆகவே வயது, பாலினம், துறை என்று நீங்களே பிரித்துப் பார்க்க வழியில்லை. தனி நாடுகளுக்கான எண்கள் மூன்றாண்டுச் சராசரி. ஒரு வருடத்து அதிர்ச்சி அதில் கரைந்துவிடும், அடுத்த இரண்டு வருடத்துக்கு அதன் நிழலும் விழும். தவிர, ஈடுபாட்டை உயர்த்திக் கொடுப்பதே அந்த நிறுவனம் விற்கும் சேவை. அதற்காக எண்கள் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எது பிரச்சினை என்று தேர்ந்தெடுத்துச் சொல்வதில் விற்பவரின் கண் இருக்கத்தான் செய்யும்.

எப்போது இது சரி: சமீபத்திய பத்தாண்டு, நிறைய நாடுகள், விரைவில் பதில் வேண்டும் என்கிறபோது. ‘திருப்தி’ என்று தலைப்புப் போடாமல் ‘ஈடுபாடு’ என்றே போடுங்கள், பாதி வம்பு தீரும்.

## 3. ஐரோப்பிய பணிச்சூழல் சர்வே

டப்ளினில் இருக்கும் யூரோஃபவுண்ட் என்ற ஐரோப்பிய ஒன்றிய அமைப்பு இதை 1990-91-ல் 12 நாடுகளோடு தொடங்கியது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நேரில் போய்க் கேட்கிறார்கள். 2015-ல் 35 நாடுகள், சுமார் 44,000 பேர். பணிச்சூழலில் திருப்தியா என்ற கேள்விக்கு நான்கே படிகள். திருப்தி என்பவர்கள் மொத்தத்தில் எப்போதும் 80 சதவீதத்துக்கு மேலேயே இருப்பார்கள், அதனால் அந்த ஒரு கேள்விக்காக இந்தச் சர்வேயைத் தேட வேண்டாம். இதன் பலம் வேறு. இரைச்சல், தூக்குகிற பாரம், இரவு ஷிஃப்ட், மேலதிகாரியின் ஆதரவு, விடுமுறை நாளில் வரும் அழைப்பு என்று எல்லாமே இருக்கிறது. திருப்தி என்ற சொல்லை நம்பாதவர்களுக்கு இதைவிடத் தோதான தரவு இல்லை.

கவனிக்க வேண்டியது 2020-21. கொரோனாவால் நேர்காணல் பாதியில் நின்று, 2021-ல் போனில் நடத்தினார்கள். 2024-ல் மறுபடி நேர்காணல். 2021-ஐ மற்ற ஆண்டுகளோடு ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடு வேண்டும் என்றால் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

## 4. ஒரே நாட்டின் நீண்ட தொடர்கள்

என் ஓட்டு இதற்குத்தான். ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டுக்காரர்களே பல பத்தாண்டுகளாக நடத்தும் சர்வேக்களை எடுத்து, தனித்தனிக் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அமெரிக்காவுக்கு ஜெனரல் சோஷியல் சர்வே. ஜெர்மனிக்கு 1984 முதல் நடக்கும் சோஷியோ எகனாமிக் பேனல், அதில் 0 முதல் 10 வரை மதிப்பெண். பிரிட்டனுக்கு முன்னே சொன்ன குடும்பச் சர்வே, 2009 முதல் அதன் வாரிசு.

நாடுகளை ஒரே அளவுகோலில் நிறுத்துவதே தப்பு என்று ஒப்புக்கொண்டால் இந்த வழியின் அருமை தெரியும். 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சில ஐரோப்பிய நாட்டு ஊழியர்களிடம் கற்பனை ஊழியர்களைப் பற்றிய குறுங்கதைகளைக் கொடுத்தார்கள். இந்த ஆளுக்கு இவ்வளவு சம்பளம், இப்படி ஒரு மேலதிகாரி, இவர் எவ்வளவு திருப்தியாக இருப்பார் என்று கேட்டார்கள். கதை ஒன்றுதான், ஆனால் நாட்டுக்கு நாடு மதிப்பெண் வேறு. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மறுபடி வரிசைப்படுத்தினால் நாடுகளின் தரவரிசையே மாறியது. தாராளமாக மார்க் போடும் வாத்தியாரின் வகுப்பையும் கறாரான வாத்தியாரின் வகுப்பையும் சராசரி பார்த்து ஒப்பிட்ட கதைதான். ஆனால் ஒரே வாத்தியார் போன வருடத்தைவிட இந்த வருடம் குறைவாகப் போடுகிறார் என்றால், அது விசாரிக்க வேண்டிய செய்தி.

ஜெர்மனியில் நடந்தது அதுதான். 1984-ல் 7.6-ஐ ஒட்டி இருந்த சராசரி மெல்ல மெல்லத் தேய்ந்து, 2000களில் 7-க்குக் கீழே போனது. வேலைப்பளு, வேலை நிலைக்குமா என்ற பயம் என்று காரணம் தேடினார்கள். அவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வகைத் தொடரில் ஒரு கண்ணி உண்டு. ஒரே ஆளிடமே வருடா வருடம் போய்க் கேட்கிறார்கள். முதல் முறை புதிய முகத்திடம் 9 சொன்னவர், பழகப் பழக உள்ளதைச் சொல்லி 7-க்கு வருவார். புதிதாகச் சேர்ந்தவர்களையும் பழையவர்களையும் பிரித்துப் பார்க்காமல் ‘ஜெர்மானியர் வெறுத்துப்போனார்கள்’ என்று முடிவு கட்டக் கூடாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அமெரிக்கச் சிக்கலுக்கு வருவோம். ஜெனரல் சோஷியல் சர்வேயில் நான்கு படிகள்தான், ‘ரெண்டும் இல்லை’ என்ற நடுப்படி கிடையாது. நேரில் உட்கார்ந்து கேட்பவரிடம், மனக்குறை உள்ளவரும் ‘ஓரளவு திருப்தி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதனால் இரண்டு படியையும் கூட்டிய 85-ஐப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. ‘மிகவும் திருப்தி’ என்ற ஒற்றைப் படியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், அசைவு இருந்தால் அங்கேதான் தெரியும். கான்ஃபரன்ஸ் போர்டு வேறு முறையில், வேறு மக்கள் குழுவிடம் கேட்கிறது. 2010-ல் வந்த பள்ளத்தை முழுக்க நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அப்போது வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆனால் பொருளாதார மந்த காலத்தில் எதிர்மாறாகவும் நடக்கும். மோசமான வேலைகள் முதலில் ஒழிகின்றன. அதில் இருந்தவர்கள் ‘ஊழியர்’ கணக்கிலிருந்தே வெளியேறிவிடுவதால், மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாக ஏறும்.

மறைமுகச் செலவு: உழைப்பு. நாட்டுக்கு ஒரு கேள்வித்தாள், ஒரு அளவுகோல், ஒரு குறிப்பேடு. மூன்று நாட்டுக்கு மேல் ஒருவர் கையில் அடங்காது. இந்தியாவுக்கு இப்படி ஒரு தொடர் இல்லை. பி.எல்.எஃப்.எஸ். 2017-18 முதல் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், சம்பளத்தோடு விடுப்பு, சமூகப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கிறது. இந்தியாவுக்கு நான் அதையே கோடாகப் போடுவேன், ‘திருப்தி’ என்ற பெயரில் அல்ல.

## 5. கம்பெனியின் சொந்த சர்வே

சென்னை, ஒசாகா, மியூனிக், டல்லாஸ் என்று கிளைகள் இருந்தால், தேசிய சராசரிகளால் உங்களுக்குப் பெரிய உதவி இல்லை. உங்கள் ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் கேட்கும் விதம் நமக்குத் தெரியும். சர்வே லிங்க் வந்த அரை மணி நேரத்தில் டீம் சாட்டில் “எல்லாரும் பார்த்துப் போடுங்கப்பா, நம்ம டீம் ஸ்கோர் மேலே போகுது” என்று லீட் ஒரு மெசேஜ் போடுவார். ஆறு பேர் டீமில் ‘பெயர் தெரியாது’ என்று எழுதியிருப்பதை யாரும் நம்புவதில்லை. ஏப்ரலில் இன்க்ரிமென்ட் கடிதம் வந்த வாரத்தில் கேட்டால் ஒரு பதில், ஜனவரியில் கேட்டால் வேறு பதில். ஆகவே எல்லாக் கிளையிலும் சம்பள உயர்வுக் காலத்திலிருந்து தள்ளி, ஆண்டுதோறும் அதே மாதத்தில் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியே காட்டாதீர்கள். முன்னே சொன்ன குறுங்கதைகளில் இரண்டைச் சேர்த்தால், ஒசாகாவின் 3-க்கும் சென்னையின் 4-க்கும் என்ன உறவு என்று ஓரளவு பிடிபடும்.

இதன் மறைமுகச் செலவு நம்பிக்கை. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், அடுத்த முறை பதில் சொல்பவர்கள் குறைவார்கள். அதுவும் அதிருப்தியானவர்களே முதலில் நிறுத்துவார்கள். ஸ்கோர் ஏறும், மேலிடம் கைதட்டும், ராஜினாமாக்களும் ஏறும். ராஜினாமா விகிதத்தை எப்போதும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பது வழக்கமாக உள்ள ஜப்பானில், போகாமல் இருப்பது திருப்திக்குச் சாட்சி ஆகாது.

## ஒரே பார்வையில்

| தரவு | எப்போதிலிருந்து | இந்தியா? | அளப்பது | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| ஐ.எஸ்.எஸ்.பி. | 1989, நான்கு சுற்று | 2015 மட்டும் | திருப்தியும் காரணங்களும் | நீண்ட இடைவெளி, மாறும் நாட்டுப் பட்டியல் |
| காலப் | ஆண்டுதோறும் | உண்டு | ஈடுபாடு | மூடிய சூத்திரம், மூன்றாண்டுச் சராசரி |
| ஐரோப்பிய சர்வே | 1990-91 | இல்லை | பணிச்சூழல் | 2021 போன் சுற்று |
| தேசியத் தொடர்கள் | அமெரிக்கா 1972, ஜெர்மனி 1984, பிரிட்டன் 1991 | இல்லை | திருப்தி | நாட்டுக்கு நாடு வேறு அளவுகோல், உழைப்பு |
| சொந்த சர்வே | நீங்கள் தொடங்கும் நாள் | உங்கள் கிளை | நீங்கள் கேட்பது | நம்பிக்கை, பதில் தராதவர்கள் |

## யார் எதை எடுப்பது

இரண்டு மாத எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் என்றால் காலப் அறிக்கையின் வட்டார எண்களே போதும். ஈடுபாடு ஒரு வரைபடம், வாழ்க்கை மதிப்பீடு ஒரு வரைபடம் என இரண்டையும் போடுங்கள். ஆய்வேடு என்றால் ஐ.எஸ்.எஸ்.பி. எடுத்து, நான்கு சுற்றிலும் இருக்கும் நாடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைடு இந்தியாவும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 2015 ஒப்பீட்டைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுங்கள். எந்த நாட்டுக் கிளையில் முதலில் பணம் போடுவது என்று முடிவெடுக்கிற எச்.ஆர். என்றால் சொந்த சர்வேயும் ராஜினாமா கணக்கும்தான், மற்றதெல்லாம் பின்னணி. ஐரோப்பா மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், யூரோஃபவுண்ட். இரண்டு மூன்று நாடுதான், உழைக்க நேரமும் உண்டு என்றால் நான் ஓட்டுப் போட்ட தேசியத் தொடர்கள்.

எதை எடுத்தாலும் வரைபடத்தில் ஒவ்வொரு நாட்டையும் அதன் முதல் ஆண்டிலிருந்து எத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்று போடுங்கள். கேள்வித்தாளோ கேட்கும் முறையோ மாறிய ஆண்டில் கோட்டை வெட்டிவிட்டு, கீழே ஒரு வரியில் காரணம் எழுதிவிடுங்கள்.